சொல் விளக்கம்: சிம்பல் வெர்ஷனிங்

லினக்ஸில் நிரல் எழுதுபவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். புதிய கணினியில் கம்பைல் செய்த (அதாவது, எழுதிய மூல நிரலைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றிய) நிரலைப் பழைய கணினிக்குக் கொண்டுபோய் ஓட்டினால், தொடங்கும் முன்பே நின்றுவிடும். 'ஜிலிப்சி_2.34 பதிப்பு கிடைக்கவில்லை' என்று திரையில் ஒரு பிழைச்செய்தி வரும். ஜிலிப்சி (glibc) என்பது லினக்ஸ் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படை நிரலகம், அதாவது லைப்ரரி. நிரலில் தவறில்லை, கணினியும் நன்றாகத்தான் இருக்கிறது. தடுத்தது சிம்பல் வெர்ஷனிங், அதாவது நிரலகத்தில் உள்ள ஒவ்வொரு பெயரோடும் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு.

'சிம்பல்' என்பதன் மூலம் கிரேக்கச் சொல்லான 'சிம்போலோன்'. ஒன்றோடொன்று சேர்த்துப் போடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். அந்தக் காலத்தில் இருவர் உடன்படிக்கை செய்துகொண்டால், ஒரு பொருளை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தினால் வந்தவர் உரியவர்தான் என்று நம்பலாம். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் சிம்போலோன். கணினிக்குள் நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. மெம்காப்பி என்ற செயற்கூறை (ஃபங்ஷன்) எடுத்துக்கொள்வோம். 'மெம்காப்பி வேண்டும்' என்ற பாதி நிரலிடம் இருக்கிறது. 'மெம்காப்பி இங்கே இருக்கிறது' என்ற பாதி நிரலகத்திடம் இருக்கிறது. நிரல் தொடங்கும் நேரத்தில் டைனமிக் லிங்கர், அதாவது இயங்குநேர இணைப்பி, இரண்டையும் பொருத்திப் பார்க்கிறது.

சரி, பெயர் அப்படியே இருந்து உள்ளே செய்யும் வேலை மாறினால் என்ன ஆகும்? நடந்த கதையே உண்டு. மெம்காப்பி என்பது நினைவகத்தில் ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் செயற்கூறு. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது விதி. ஆனால் விதியை மீறிய நிரல்கள்கூடப் பல ஆண்டுகள் தற்செயலாகச் சரியாகவே ஓடின. 2010 வாக்கில் வேகத்துக்காக நகலெடுக்கும் திசையை மாற்றினார்கள். உடனே அந்த நிரல்கள் சிக்கலில் மாட்டின. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 14-இல் ஒலி கரகரத்தது. 2011-இல் வந்த ஜிலிப்சி 2.14 இதற்கு ஒரு வழி செய்தது. 'மெம்காப்பி' என்ற ஒரே பெயருக்கு இரண்டு பதிப்புகளை வைத்தது. 2.14-க்கு முன் இணைத்த நிரல் கேட்டால், இடங்கள் படிந்தாலும் பிசகாத பழையது கிடைக்கும். புதிதாக இணைக்கும் நிரலுக்கு வேகமான புதியது. 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் நிரலகத்தின் பெயர்ப்பட்டியலைத் திறந்தால் மெம்காப்பி@ஜிலிப்சி_2.2.5, மெம்காப்பி@@ஜிலிப்சி_2.14 என்று இரண்டும் கண்ணில் படும். இரட்டை @ இருப்பதுதான் இனி இணைபவர்களுக்கு இயல்பாகக் கிடைப்பது.

இந்த ஏற்பாட்டை 1995-இல் சன் நிறுவனத்தின் இயங்குதளமான சோலாரிஸ் கொண்டுவந்தது. 1997-இல் ஜிலிப்சியை உருவாக்கும் குனூ தரப்பினர் அதை எடுத்து, ஒரே பெயருக்குப் பல பதிப்புகள் இருக்கலாம் என்று விரித்தார்கள். நிரலகத்தின் எண்ணையே மாற்றாமல் ஜிலிப்சி இன்றும் 'லிப்சி.எஸ்ஓ.6' என்றே வருவதற்கு இதுதான் அடிப்படை.

ஒன்றை மறக்கக்கூடாது: பாதுகாப்பு ஒரு திசைக்கு மட்டும்தான். பழைய நிரல் புதிய நிரலகத்தில் ஓடும். புதிய நிரல் கேட்கும் பாதி பழைய நிரலகத்தில் இருக்காது. 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34-இல், நிரலின் முதல் செயற்கூறான மெயின் தொடங்கும் முன் அழைக்கப்படும் செயற்கூறுக்கே புதிய பதிப்பு கிடைத்தது. அதனால் 2.34 உள்ள கணினியில் கம்பைல் செய்தால் வணக்கம் சொல்லும் இரண்டு வரி நிரல்கூடப் பழைய கணினியில் ஓடாது. ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய கணினியிலேயே கம்பைல் செய்வதுதான் எளிய வழி.

இதோடு சேர்ந்தே வரும் சொல் 'பைனரி கம்பாட்டிபிலிட்டி', அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்த கோப்பு மாற்றமின்றி ஓடுவது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பில், ஒவ்வொரு கோப்பையும் அடையாளம் காட்டும் ஐநோடு எண் 32 பிட்டிலிருந்து 64 பிட் ஆனது. கோப்பின் விவரங்களைக் கேட்டறியும் செயற்கூறான 'ஸ்டாட்' தரும் கட்டமைப்பின் அளவும் மாறியது. மூல நிரலை அப்படியே திரும்பக் கம்பைல் செய்தால் பெரும்பாலும் போதும். ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த நிரல் பழைய அளவைத்தானே எதிர்பார்க்கும்? அதற்குப் பழைய 'ஸ்டாட்' பதிப்பு காத்திருக்கிறது. மூல அளவில் பொருந்துவது வேறு, கம்பைல் செய்த கோப்பின் அளவில் பொருந்துவது வேறு.

அப்புறம், தமிழில் என்ன சொல்லலாம்? 'குறியீட்டுப் பதிப்பு' என்று நேராக எழுதினால் இடறுகிறது. 'குறியீடு' என்ற சொல்லை நிரல்வரிகளுக்கும் பலர் பயன்படுத்துவதால், மூல நிரலின் பதிப்பு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே சிம்பல் என்பது செயற்கூறின் அல்லது மாறியின் பெயர். இடுகுறிப்பெயர் என்கிறோமே, பொருளுக்கு இட்ட குறிதான் பெயர் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே சிம்பலுக்குக் 'குறிப்பெயர்' என்பேன். வெர்ஷனிங்குக்குப் 'பதிப்பித்தல்' வேண்டாம், அது நூல் வெளியிடுவதைக் குறிக்கும். 'குறிப்பெயர்ப் பதிப்பெண்ணிடல்' கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

கம்பாட்டிபிலிட்டிக்கு வழக்கில் உள்ள 'இணக்கம்' மோசமில்லை. ஆனாலும் 'பொருந்துமை' எனக்குப் பிடித்திருக்கிறது. உடைத்த இரண்டு பாதியும் சேரும்போது நாம் சொல்லும் சொல்லும் 'பொருந்துகிறது' என்பதுதானே. பைனரியை 'இரும' என்று பெயர்ப்பது எண்முறைக்குச் சரி. இங்கே அது கம்பைல் செய்த கோப்பைச் சுட்டுவதால், 'இருமக்கோப்புப் பொருந்துமை' என்று முழுதாகவே எழுதலாம்.