ஆற்காட்டு ரூபாய்க்கு ஸ்காட்லாந்து வைத்தியர்

பழைய ஆற்காட்டு ரூபாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாரசீக எழுத்தில் ஊர் ஆற்காடு என்றுதான் இருக்கும். ஆனால் கூடவே சின்னதாகத் தாமரை இருந்தால் அது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் அடித்த காசு. பிறை இருந்தால் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தது. இன்னொரு வேடிக்கை, 1807க்குப் பிறகு இயந்திரத்தில் அடித்த சென்னைக் காசிலும், 1759இலேயே கொலையுண்ட முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் ஆறாம் ஆட்சியாண்டுதான் பொறித்திருக்கும். ஊரும் சரியில்லை, ஆண்டும் சரியில்லை. வெள்ளி மட்டும் வெள்ளி.

ஆற்காட்டு நவாபிடம் உரிமை வாங்கி அடித்த இந்தக் காசு பாலாற்றங்கரையோடு நிற்காமல் வங்காளம் வரை போனது. அங்கே ஏற்கெனவே அந்த ஊர் வெள்ளிக் காசான சிக்கா ரூபாய் இருந்தது. எந்தக் காசு எந்தக் காசுக்கு எவ்வளவு பெறும் என்று சொல்வது காசு மாற்றித் தரும் சராப்புகளின் வேலை. அந்த வித்தியாசத்துக்குப் பெயர் வட்டம்.

இதில் விசித்திரம், காசு தேயாவிட்டாலும் வயதானாலே மதிப்பு இறங்கும். கணக்குக்கு மட்டும் இருந்த ஒரு ரூபாயில், 100 புதுச் சிக்கா 116க்குச் சமம். அடுத்த ஆண்டு 113, அதற்கும் அடுத்த ஆண்டு 111. புதுச் சிக்காவில் 100 ரூபாய் வரி கட்ட வேண்டியவர் கையில் அந்த மூன்றாம் ஆண்டுச் சிக்கா இருந்தால் ஏறக்குறைய 104½ எண்ணி வைக்க வேண்டும். கிழிந்த நோட்டை மாற்றக் கமிஷன் கொடுப்பது போலத்தான். ஆனால் இங்கே நோட்டு கிழியவே இல்லை!

1765இல் வங்காளத்தின் வரி வசூல் கம்பெனி கைக்கு வந்ததும் நிலைமை மோசமானது. அதுவரை துணி வாங்க ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கொண்டுவந்தார்கள். இனி வரிப்பணத்திலேயே வாங்கலாமே! வெள்ளி வரத்து நின்றது. போதாததற்குச் சீன வியாபாரத்துக்கும் இங்கிருந்தே வெள்ளி போனது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1766இல் மொகரா என்ற தங்கக் காசு அடித்து 14 சிக்கா என்று விலை வைத்தார்கள். சந்தையில் அந்தத் தங்கம் அவ்வளவு பெறாது. மலிவான காசில் கடனைத் தீர்த்துவிட்டு நல்ல காசைப் பெட்டியில் பூட்டுவதுதானே மனித இயல்பு? இருந்த வெள்ளியும் ஒளிந்துகொண்டது.

அப்புறம்தான் லண்டனில் கம்பெனியார் ஆலோசனை கேட்டுப் போனது ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம். ஸ்காட்லாந்துக்காரர், 1767இல் பொருளியல் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. 1772இல் அவர் எழுதிக் கொடுத்தது வட்டத்தோடு நிற்கவில்லை. காசை வயதால் மதிக்காமல் உள்ளே இருக்கும் வெள்ளியால் மதியுங்கள் என்றார்; வங்கி வைத்துக் காகிதப் பணம் விடலாம் என்றார். கூடவே, வெள்ளி வெளியே போகிறதே, அதுதான் நோய் என்றும் சொன்னார். கேட்டவர்களின் லாபமே அந்த நோய். இதற்கு எந்த நிபுணரின் சீட்டும் பலிக்காது என்பது என் எண்ணம்.

செய்ய முடிந்தது சின்னச் சிகிச்சை. வங்காளச் சிக்காவில் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பொறித்தார்கள். எல்லாக் காசுக்கும் ஒரே வயது என்றால் வயதுக்கு ஏது வட்டம்? 1835இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தபோது அளவாக எடுத்துக்கொண்டது சிக்காவை அல்ல, சென்னை ரூபாயை: எடை 180 கிரெயின் (ஏறக்குறைய 11.66 கிராம்), அதில் தூய வெள்ளி 165 கிரெயின்.