சொல் விளக்கம்: பக்கக்கன்று

மலேசியாவின் சுங்கை பூலோவில் உள்ள செடிக்கடைகளுக்குப் போகும் தமிழர்களிடம் இப்போது ஒரு சொல் புழங்குகிறது. "அண்ணே, இதில் குட்டி வந்திருக்கிறதா?" "இரண்டு குட்டி இருக்கிறது அக்கா, எடுத்துக்கொள்ளுங்கள்." பேச்சு ஆட்டைப் பற்றியதோ பூனையைப் பற்றியதோ அன்று; வீட்டுக்குள் வளர்க்கும் புரோமிலியாட் செடியின் அடியில் கிளம்பும் இளஞ்செடியைப் பற்றியது. வாய்ப்பேச்சு என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அண்மையில் ஒரு செடியோடு சேர்ந்து வந்த தமிழ்ப் பராமரிப்புத் தாளில் இப்படி அச்சாகியிருந்தது: "நாய்க்குட்டிகள் தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் கூர்மையான கத்தியால் வெட்டி எடுக்கவும்." இதற்கு மேல் பொறுமை எதற்கு?

ஆங்கிலத் தோட்டக்காரர்கள் இதைப் 'பப்' என்கிறார்கள். நாய்க்குட்டியைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம் அது. அந்தச் சொல்லோ பொம்மை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சொல்வரலாறு இவ்வளவு போதும். அது சுட்டும் பொருள்தான் நமக்கு வேண்டும்.

புரோமிலியாட் என்பது ஓலோஃப் புரோமிலியஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளரின் பெயரால் அமைந்த குடும்பம். 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஓர் இனம் நீங்கலாக எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நாம் வெட்டித் தின்னும் அன்னாசியும் இதே குடும்பம்தான். இவற்றில் வீட்டுக்குள் வளரும் பெரும்பாலானவற்றின் இலைகள் நடுக்குருத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கி வளரும். அந்தக் குருத்திலிருந்தே பூ வந்துவிட்டால் அதற்குப் பிறகு புதிய இலை கிடையாது. பூத்தபோது இருக்கும் அளவே அந்தச் செடியின் முழு அளவு. தாய் பல மாதங்கள் மெல்ல வாடும். அதற்குள் அடியிலிருந்து இளஞ்செடிகள் கிளம்பியிருக்கும். நியோரெகெலியா என்ற புரோமிலியாட் வகையில் இதை நன்றாகப் பார்க்கலாம். கீழிலைகளை விலக்கினால் விரல் நீளத்துக்கு ஒரு விறைப்பான ஓடுதண்டு, அதன் நுனியில் இலைகளைக் குவித்துக்கொண்டு ஒரு சிறு செடி. தாயின் அளவில் மூன்றிலொரு பங்கு, முடிந்தால் பாதி, வளர்ந்த பிறகு வெட்டி நட்டால் பிழைத்துக்கொள்ளும்.

ஒருமுறை பூத்துவிட்டுத் தாய் போகிறது, அடியில் வந்தது தொடர்கிறது. இதை வாழையில் பார்க்காத தமிழன் உண்டா? 'வாழையடி வாழை' என்று ஆளுக்கொரு திருமண வீட்டில் வாழ்த்திவிட்டு வருகிறோம்; அடியில் வருவதை வாழைக்கன்று என்கிறோம். மலையாளத்திலும் வாழக்கன்னுதான். அப்படியிருக்க, புரோமிலியாட்டுக்கு மட்டும் குட்டி எங்கிருந்து வந்தது?

"குட்டியும் தமிழ்ச்சொல்தானே" என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழ்ச்சொல்தான். ஆனால் தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்கும்போது "பிள்ளை குழவி கன்றே போத்தெனக் கொள்ளவும் அமையும் ஓரறி வுயிர்க்கே" என்கிறது. செடிகொடிகளுக்குரிய அந்தப் பட்டியலில் கன்று இருக்கிறது, குட்டி இல்லை. பாவாணர் காட்டும் இளம்பயிர் வகைகளில் குட்டி உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். அது விளாவின் இளநிலைக்கு உரியது. தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி, மாவுக்கும் வாழைக்கும் கன்று. விளா வளர்ப்பவர் விளங்குட்டி என்று சொல்லிக்கொள்ளட்டும்.

இலக்கணத்தை விடுங்கள். குட்டி என்ற சொல்லோடு எனக்குள்ள சண்டை தெளிவு பற்றியது. குட்டி என்றால் இளையது மட்டுமன்று, சிறியதும்தான். குட்டிக் கதை, குட்டித் தீவு. தீவு வளரப் போவதில்லை. கிரிப்டாந்தஸ் பிவிட்டாட்டஸ் என்ற பிரேசில் புரோமிலியாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலையலையான விளிம்பு, நீளவாக்கில் இரண்டு வெளிர்கோடுகள், தரையோடு படிந்த நட்சத்திரம் போன்ற வடிவம். முழுதாக வளர்ந்தாலும் விரித்த கைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். அதைக் "குட்டிச் செடி" என்று விற்றால், வாங்குபவர் பெரிதாகும் என்று காத்திருந்து, ஆகவில்லையே என்று உரத்தைக் கொட்டுகிறார். மறுபக்கம், ஏக்மியா ஃபாசியாட்டா என்ற பெரிய புரோமிலியாட்டின் இளஞ்செடியும் கடைக்காரருக்குக் குட்டிதான். அடுக்குமாடி வீட்டின் சன்னல் திட்டில் அதை வைத்தவர், அரை மீட்டர் அகலத்துக்கு விரிந்து முள்விளிம்பு இலைகளால் திரைச்சீலையைப் பிடித்து இழுக்கும்போதுதான் விழிப்பார். ஒன்று அளவில் சிறியது, மற்றது வயதில் இளையது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்தச் சொல் யாருக்குப் பயன்?

கன்றில் இந்தக் குழப்பம் இல்லை. யானைக்கன்று அளவில் சிறியதா என்ன? ஆனாலும் அது கன்றுதான்.

சேய்ச்செடி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எந்தச் செடிக்கடையிலும் யாரும் வாய்திறந்து சொல்லாத சொல். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் படைப்பது தூய்மைப் பற்று ஆகாது. பக்கத்துளிர் என்பது பிழையே: துளிர் என்றால் இளந்தளிர், தனியே வேர்விட்டுப் பிழைக்கும் செடியன்று. மாங்கன்றும் செம்பனைக் கன்றும் விதையிலிருந்து வருபவை ஆயிற்றே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதனால்தான் வெறும் கன்று போதாது, பக்கக்கன்று வேண்டும் என்கிறேன். வாழை விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்வது அது. தமிழ்நாட்டு வேளாண் கையேடுகள் அன்னாசிக்கும் அதையே எழுதுகின்றன. அன்னாசிக்கு வழங்கும் சொல் அதன் உறவுச் செடிக்கு ஆகாதா?

அந்தத் தாளில் இன்னொரு வரி: "தொட்டியில் எப்போதும் நீர் நிற்க வேண்டும்." ஆங்கில மூலம் சொன்னது இலைகளின் நடுவே நீர் தேங்கும் குழியை. தமிழில் தொட்டி என்றால் பூந்தொட்டி. சொன்னபடி செய்தவரின் செடி வேரழுகிப் போயிருக்கும். குவளை என்று எழுதியிருந்தால் செடி தப்பித்திருக்கும். (அந்தக் குவளை நீரையும் வாரந்தோறும் கொட்டி மாற்றுங்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.) "முதிர்ந்த அளவு" என்பதும் அதே கைவரிசை. முதிர்ந்தது என்றால் நமக்கு முற்றியது, மூப்படைந்தது. முழு அளவு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அதிலும் உயரத்தை மட்டும் போடுகிறார்கள். படர்ந்து விரியும் செடிக்கு இடம் ஒதுக்க அகலமல்லவா தெரிய வேண்டும்? மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டும் நேரத்தில் ஒரு செடியைப் பார்த்திருக்கலாம்.

கிரிப்டாந்தஸில் இளஞ்செடி பக்கத்தில் வராமல் மேலே இலைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, தொட்டாலே கழன்று விழுகிறதே, அதையுமா பக்கக்கன்று என்பது என்று சிலர் மடக்குவார்கள். அதே வேளாண் கையேடுகளில் மேல்கன்று என்றும் ஒரு சொல் இருக்கிறது. கிரிப்டாந்தஸ் வளர்ப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.