சர்ச் வால்யூம் என்னும் தேடல் எண்ணிக்கை

இணையத்தளம் நடத்துவோரும் விளம்பரம் எழுதுவோரும் நாள்தோறும் புழங்கும் ‘சர்ச் வால்யூம்’ என்னும் தொடர், ஒரு சொல்லோ சொற்றொடரோ ஒரு தேடுபொறியில் ஒரு காலப்பகுதிக்குள், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், எத்தனை முறை தேடப்பட்டது என்பதைக் குறிக்கும். இதில் எண்ணப்படுபவை தேடல்கள்; தேடிய ஆட்கள் அல்லர். ஒருவரே காலையிலும் மாலையிலும் ஒரே தொடரைத் தேடினால் அது இரண்டாகவே கணக்கில் ஏறக்கூடும். ஆகவே, இந்த எண்ணைக் காட்டும் கருவி 1,000 என்று சொல்வதை ஆயிரம் பேர் என்று படிப்பது பிழை.

‘சர்ச்’ என்பது, சுற்றி வருதல் என்று பொருள்படும் பிற்கால இலத்தீன் வினையொன்றிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; வட்டத்தைக் குறிக்கும் ‘சர்க்கிள்’ அதற்கு உறவுச் சொல். ‘வால்யூம்’ வந்த வழி இன்னும் நீண்டது. சுருட்டுதலைக் குறித்த இலத்தீன் வினையில் பிறந்த அச்சொல், முதலில் சுருட்டி வைத்த எழுத்துச் சுருளையும், பின்னர் நூலையும் நூல் தொகுதியையும், அதன்பின் பொருளின் பருமனையும், பிற்பாடு வணிக வழக்கில் விற்பனை போன்றவற்றின் மொத்த அளவையும் உணர்த்தலாயிற்று. இந்த வணிகப் பொருளே தேடலோடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதற்குக் காரணமும் வணிகமே. 1998இல் கோ-டூ என்ற தேடுபொறி, எந்தச் சொல்லைத் தேடும்போது தம் விளம்பரம் தோன்ற வேண்டுமோ அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. ஏலம் கேட்பவருக்கு அச்சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று தெரிந்தாக வேண்டும். அந்நிறுவனம் 2001இல் ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003இல் யாகூவின் கைக்குப் போனது. முந்தைய மாதத்துத் தேடல்களைச் சொல்லும் அதன் கருவி அக்காலத்தில் பலருக்கும் பழக்கமானது. 2000இல் ஆட்வேர்ட்ஸ் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2013இல் சொற்களின் தேடல் எண்ணிக்கையைக் காட்டும் கீவேர்ட் பிளானர் என்னும் கருவியை அளித்தது. அதில் வழக்கமாகக் காணும் எண் 12 மாதத் தேடல்களின் மாதச் சராசரி. அதுவும் தோராயமாக்கிய மதிப்பீடே. விளம்பரத்துக்குக் குறைவாகச் செலவிடும் கணக்குகளுக்கு 1,000 முதல் 10,000 வரை என்பது போன்ற அகன்ற வீச்சாக மட்டுமே கிடைக்கும். தேர்வு முடிவுகளைப் போல ஆண்டின் ஓரிரு வாரங்களில் மட்டும் பொங்கியெழும் ஒரு தேடலை இந்தச் சராசரி தட்டையாக்கி விடுகிறது.

கூகுள் டிரெண்ட்ஸ் காட்டுவதையும் பலர் இதே பெயரால் அழைக்கிறார்கள், அது தவறு. 2006இல் வெளியாகி, 2004 முதலான தரவைத் தரும் அக்கருவி, தேடல்களின் ஒரு மாதிரியை எடுத்து, மொத்தத் தேடல்களில் ஒரு தொடருக்குரிய பங்கைக் கணக்கிட்டு, உச்சத்தை 100 எனக் கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப அளவிடுகிறது. மொத்தத் தேடல்கள் பெருகும்போது, ஒரு தொடரைத் தேடுவது உண்மையில் கூடியிருந்தாலும் அதன் கோடு கீழிறங்கக் கூடும். ஆதலால் இதனைத் தேடல் சுட்டெண் என்பதே பொருந்தும்.

இனி, சர்ச் வால்யூமுக்கு வழங்கும் தமிழ்ச் சொற்களைப் பார்க்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பில் அவ்வப்போது தலைகாட்டும் ‘தேடல் தொகுதி’ நூலின் பொருளையும், ‘தேடல் கனஅளவு’ பருமனின் பொருளையும் இழுத்து வருகின்றன. இரண்டும் இங்கே ஒவ்வா. பரவலாக வழங்கும் ‘தேடல் அளவு’ குற்றமற்றதுதான், ஆயினும் எண்ணுவதையும் அளப்பதையும் அது பிரிப்பதில்லை. அரிசியை அளக்கிறோம், ஆட்களை எண்ணுகிறோம், தேடல்கள் எண்ணப்படுபவை. ஒன்று எத்தனை முறை நிகழ்கிறது என்பதைக் குறிக்கப் புள்ளியியலில் வழங்கும் ‘நிகழ்வெண்’ மிகத் துல்லியமானது என்றாலும் பாடநூலுக்கு வெளியே அதன் பொருள் எளிதில் விளங்காது. எனவே ‘தேடல் எண்ணிக்கை’ என்பதே என் தேர்வு. காலத்தையும் சுட்ட வேண்டுமாயின் ‘மாதத் தேடல் எண்ணிக்கை’ எனலாம். ‘தேடல்’, தேடு என்னும் வினையோடு அல் விகுதி சேர்ந்த தொழிற்பெயர். அதே வேரில் பிறந்த ‘தேட்டம்’ தேடிச் சேர்த்த செல்வத்தையும் குறிக்கும் என்பதை எண்ணினால், விளம்பரதாரர்கள் சற்றுப் புன்னகைக்கலாம்.

தேடுபொறியில் இட்டுத் தேடும் சொல்லான கீவேர்டுக்குத் ‘திறவுச்சொல்’ என்று எழுதுவோர் உண்டு. மறையெழுத்தைத் திறக்கும் சொல் என்ற பொருளுக்கு அது மிகவும் பொருத்தம். ஆனால் தேடல் பற்றிய பேச்சில் அது கடவுச்சொல்லோ என்ற மயக்கத்தைத் தரும். ‘குறிச்சொல்’ பதிவுகளுக்கு இடும் அடையாளத்துக்கு நிலைபெற்றுவிட்டது. ‘தேடுசொல்’ இவ்விரண்டையும்விட மேல்: வினைத்தொகை ஆதலால் தேடிய சொல், தேடுகின்ற சொல், தேடும் சொல் என முக்காலத்தையும் அது தாங்குகிறது, பல சொற்கள் சேர்ந்தால் ‘தேடுதொடர்’ என்று இயல்பாக நீள்கிறது.

தமிழ்த் தேடுதொடர்களை எண்ணும்போது ஒரு சிக்கலைக் கருத்தில் கொள்ள வேண்டும். ‘தலைவலி மருந்து’, ‘தலைவலிக்கு மருந்து’, ‘தலைவலி நீங்க’ ஆகிய மூன்றின் நோக்கமும் ஒன்றே. வேற்றுமை உருபும் சந்தியும் சொல்தேர்வும் வடிவத்தை மாற்ற, இவை தனித்தனித் தொடர்களாக எண்ணப்படலாம். ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்வோரின் பல்வேறு எழுத்துக்கூட்டல்களும் இதனோடு சேரும்போது, ஒரே தேவை சிறுசிறு எண்களாகச் சிதறி, ஒவ்வொன்றும் புறக்கணிக்கத்தக்கதாகத் தோன்றும். ஆகவே ஒரு வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு அப்பொருளை யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டலாகாது. கீவேர்ட் பிளானரில் வடிவங்களைத் தனித்தனியே பார்த்துத் தோராயமாகக் கூட்டிக்கொள்ளலாம். டிரெண்ட்ஸில் அவற்றுக்கிடையே கூட்டல் குறியை இட்டால், அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே கோடு கிடைக்கும்.