போர்க்கைதியாக இருந்தீர்களா என்று கேளுங்கள்

இங்கிலாந்தில் முதியோர் மருத்துவராக இருந்த நாள்களில், போர்க்கைதிகளாக இருந்து உயிர் மீண்ட இரண்டு பேர் எனக்கு நண்பர்களானார்கள். நோயாளிகளாக வந்தவர்கள்தான், நட்பு பிறகு வந்தது. இருவரும் இன்று இல்லை. அவர்களிடம் கற்றதை இளம் மருத்துவர்களும், வயதான வீரர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாமவர் 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டவர். தாய்லாந்து–பர்மா ரயில் பாதையின் 415 கிலோமீட்டரில் வேலை வாங்கப்பட்ட 60,000க்கும் மேற்பட்ட கைதிகளில் ஒருவர். 12,000க்கும் அதிகமானோர் அங்கேயே இறந்துபோனார்கள். இதில் ஒரு வார்த்தைகூட அவர் முதலில் என்னிடம் சொல்லவில்லை. மூச்சிரைப்பு என்று வந்தார். ஸ்டீராய்டு எழுதப் போனேன். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. இடுப்பில் சிவந்த கோடு ஒன்று அரித்துக்கொண்டே நகரும், நாற்பது வருஷமாக வந்து வந்து போகிறது என்றார். அப்போதுதான், போரின்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

அந்த அணுக்களும் அந்தக் கோடும் காட்டியது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழுவை. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே நுழைவது அது. மற்றப் புழுக்கள் வயதாகிச் செத்து ஒழிந்துபோகும், இது அப்படியல்ல. உடம்புக்குள்ளேயே பெருகி, அதே ஆளை மறுபடி மறுபடி தொற்றிப் பல பத்தாண்டுகள் இருக்கும். எதிர்ப்புச் சக்திதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்டீராய்டு கொடுத்து அந்தக் காவலை எடுத்துவிட்டால், நுரையீரல், மூளை வரை பரவி ஆளைக் கொன்றுவிடும். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இப்படிப்பட்ட முன்னாள் கைதிகளைப் பல ஆண்டுகள் பரிசோதித்து வந்தது. மலத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுப் புழு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கண்டுபிடித்தால் மாத்திரையில் தீர்கிற நோய் இது.

இரண்டாமவர் ஜெர்மனியில் சிறைப்பட்டவர். 1945 குளிர்காலத்தில் முகாமைவிட்டு மேற்கே பனியில் நடத்திச் செல்லப்பட்டவர்களில் ஒருவர். எண்பது வயதில் மறதி நோய் வந்தபோது, நேற்று நடந்தது மறைந்து அந்தக் குளிர்காலம் மட்டும் மிஞ்சியது. இரவில் டார்ச் ஒளி முகத்தில் பட்டால் கட்டிலுக்கு அடியில் பதுங்குவார். தலையணைக்குக் கீழே ரொட்டித் துண்டுகள் இருக்கும். சுத்தம் என்று நாங்கள் அதை எடுத்துப் போட்டோம். அன்றெல்லாம் கத்தித் தீர்த்தார். அது எங்கள் தவறு. பிறகு உறையிட்ட ரொட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தோம். கட்டிலின் பக்கக் கம்பிகளை இறக்கினோம். தொட்டு எழுப்பாமல், கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி அழைத்தோம். மருந்தைக் கூட்டாமலே தூங்கத் தொடங்கினார்.

கேட்கும் விதம் முக்கியம். என்ன செய்தார்கள் என்று துருவ வேண்டாம். எங்கே இருந்தீர்கள், பிடிபட்டீர்களா என்பது போதும். தனியாகக் கேளுங்கள், மனைவி மக்களிடமே சொல்லாதவர்கள் அதிகம்.

நான் தமிழன் என்று தெரிந்த நாளில் முதலாமவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். "எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் உங்கள் ஜனங்கள் இருந்தார்கள்" என்றார். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். "எங்களுக்காவது எங்கள் பட்டாளத்து டாக்டர்கள் இருந்தார்கள். காலரா வந்தபோது அவர்களுக்கு யாருமே இல்லை."

அவர் அடக்கத்தன்று இதை அவருடைய மகளிடம் சொன்னேன். அப்பா ரயில் பாதையில் இருந்தார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.