4 டிபி டிஸ்க்கில் பாதி எங்கே போச்சு?

யாங்கோனில் மொகல் தெருப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் என் மாமா, பழைய ஹார்ட் டிஸ்க் ஐந்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். 80 ஜிபி, 320, 500 இரண்டு, 1 டிபி. மொத்தம் 2.4 டிபி. எல்லாவற்றையும் புது 4 டிபி டிஸ்க்கில் ஏற்றி, "கல்யாணம் ஒரு பக்கம், கோயில் தீமிதி ஒரு பக்கம்னு தடுத்துக் குடு மாப்ளே" என்றார். சரி என்று மாட்டிப் பார்த்தால் 2 டிபிக்கு மேல் பார்ட்டிஷனே போட முடியவில்லை. மாமா கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

தப்பு கடைக்காரர் மேல் இல்லை. அவசரத்தில் டிஸ்க்கை எம்பிஆர் (MBR) என்கிற பழைய முறையில் தயார்செய்துவிட்டேன்.

பார்ட்டிஷன் போடுவதால் டிஸ்க்குக்குள் சுவர் எதுவும் எழும்புவதில்லை. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று டிஸ்க்கின் தலைமாட்டில் எழுதிவைக்கிற சின்னப் பட்டியல், அவ்வளவுதான். 1983இல் ஐபிஎம் பிசிக்காக வந்த எம்பிஆர் அந்தப் பட்டியலை முதல் செக்டரில் (செக்டர் என்பது டிஸ்க் எழுதப் பிரித்துவைத்திருக்கும் சின்னக் கட்டம்) வெறும் 64 பைட்டுக்குள் அடக்குகிறது. பகுதிக்கு 16 பைட், ஆக நாலே பகுதி. செக்டர் எண் எழுதவும் 32 பிட்தான் இடம், அதில் சுமார் 429 கோடி வரைதான் எண்ண முடியும், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2.2 லட்சம் கோடி பைட்டோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நிலம் கிடக்கிறது, ஆனால் விலாசம் எழுத வழியில்லை. அதற்குப் பதிலாக வந்த புது ஜிபிடி (GPT) முறையில் எண்ணுக்கு 64 பிட். விண்டோஸில் 128 பகுதி வரை பிரிக்கலாம், பட்டியலின் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். டிஸ்க் காலியாக இருந்ததால் மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. (அப்புறமும் 3.63 என்றுதான் காட்டியது. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆகப் பெருக்குகிறது. இதை மாமா நம்பவே இல்லை.)

ஏற்றும்போது நோயாளி டிஸ்க்தான் முதலில். 80 ஜிபி டிஸ்க், அகலமான 40 பின் கேபிள் காலத்தது, அடாப்டர் வழியாக உயிர் வந்ததும் டக்... டக்... என்றது. டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் எழுதியதைப் படிக்கிற முனைதான் ஹெட், அது படிக்க முடியாமல் திரும்பிப் போய் மறுபடி மறுபடி முயலும் சத்தம் அது. அதில் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து வேடிக்கை பார்க்கக் கூடாது, வந்தவரை அள்ளிக்கொள்ள வேண்டும்.

1 டிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எடுத்தாலே 10,000 நொடி, அதாவது மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் ராத்திரி முழுக்க ஓடும். அதற்குள் இந்த ஊரில் கரண்டு போகாமல் இருக்குமா? விண்டோஸ் ஃபைல்களை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் (NTFS) முறை தான் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பதால் ஃபோல்டர் அமைப்பு பெரும்பாலும் தப்பிக்கும், பாதி ஏறிய வீடியோ தப்பிக்காது. அதனால் கட் செய்யாமல் காப்பிதான் செய்தேன், முடிந்ததும் இரண்டு பக்கமும் ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) எடுத்து ஒத்துப்பார்த்தேன்.

இரண்டாகத் தடுத்ததில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரே பகுதிக்குள் ஃபைலை நகர்த்தினால் அந்தப் பகுதியின் ஃபைல் பட்டியலில் இடம் மாற்றி எழுதுவதோடு சரி, கண் இமைக்கும் நேரம். தீமிதி வீடியோவைக் கல்யாணப் பக்கம் நகர்த்தினாலோ நிஜமாகவே முழுக்கப் படித்து வேறிடத்தில் எழுத வேண்டும், ஒரே ஹெட் இரண்டு இடத்துக்கும் நடையாய் நடக்கும். பொதுவாக முதல் பகுதி தட்டின் வெளிவட்டத்தில் அமையும், அங்கே ஒரு சுற்றில் அதிக செக்டர் என்பதால் வேகமும் அதிகம். எடிட் செய்யும் கல்யாண வேலையை அங்கே வைத்தேன்.

"அப்ப பழசை எடைக்குப் போட்டுடலாமா?" என்றார் மாமா. எத்தனை வரப்பு போட்டாலும் வயல் ஒன்றுதான், மோட்டார் நின்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து போகும் என்றேன். நாலு டிஸ்க் டின்னுக்குள் திரும்பிப் போய்விட்டது. 80 ஜிபி மட்டும் என் மேசையில் கிடக்கிறது, அதிலிருந்து இன்னும் 11 ஃபைல் வர வேண்டும்.