தொட்டியில் விழுந்த நாய்க்கு ஏறும் வழி வேண்டும்

சென்ற கோடையில், துண்டில் சுற்றிய ஒரு பக் நாயை என் சிகிச்சையகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தஞ்சாவூரை அடுத்த வயல் வீடொன்றின் பம்புசெட் தொட்டியில் அது எவ்வளவு நேரம் தத்தளித்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. முன்னங்கால் நகங்களின் நுனி தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது. இடுக்குகளில் பச்சைப் பாசி அப்பியிருந்தது. விழுந்த இடத்திலேயே சுவரைப் பிறாண்டிப் பிறாண்டிச் சோர்ந்திருக்கிறது.

நாய் எப்படியும் நீந்திக் கரையேறிவிடும் என்ற நம்பிக்கை சிறிய இனங்களுக்குப் பொருந்தாது. பக் நாய்க்கு முகம் தட்டை என்பதால், மூக்கை நீருக்கு மேலே வைக்கத் தலையை அண்ணாந்தாக வேண்டும். அப்போது பின்னுடல் அமிழ்ந்துவிடும். டாக்ஸ்ஹண்டுக்குக் கால் குட்டை. பொமரேனியனின் முடி நனைந்தால் கனக்கும். மூச்சுக்கே போராடும் நாய் குரைக்காது என்பதால், அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூட எதுவும் கேட்காது.

நான்கு புறமும் படி வைத்த கோயில் குளத்தைவிட, படியே இல்லாத சிமெண்டுத் தொட்டிதான் எனக்கு அச்சம் தருகிறது. நிரம்பிய தொட்டியைவிடப் பாதி இறைத்த தொட்டி மோசம், விளிம்பு எட்டாது. உள்ளே சாய்வாக ஒரு பலகையை இறக்கி, வழுக்காமல் சாக்கு சுற்றிக் கட்டுங்கள். புதிய வீடுகளின் நீச்சல் குளத்தில் படி இருந்தாலும், அது இருக்கும் திசை நாய்க்குத் தெரிய வேண்டுமே! கைப்பிடி வைத்த மிதவை அங்கியை அணிவித்து, வெவ்வேறு பக்கங்களிலிருந்து படிக்கு வரப் பலமுறை பழக்குங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில், கரையில் நடக்கும்போது கழுத்துப்பட்டையை விட மார்புப் பட்டையே நல்லது.

மீட்ட நாயைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றாதீர்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால், சிறிய நாயின் மார்பை ஒரு கையால் சுற்றிப் பிடித்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு ஒருமுறை, வாயை மூடிப் பிடித்து மூக்கின் வழியாக 2 முறை ஊதுங்கள். உடனே எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம், ஏனெனில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அந்த பக் நாயும் அன்று மாலை தயிர்சாதம் தின்றது. இரவில் தூங்கும்போது நிமிடத்துக்கு 50 முறை மூச்சு வாங்கியதை வீட்டுப் பாட்டி எண்ணிப் பார்த்துச் சொன்னதால்தான் மறுபடி ஆக்சிஜன் வைக்க முடிந்தது.