பழைய சிபியு வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

போன மாதம் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அண்ணன் பழைய சிபியு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. மூடியைக் கழற்றினேன். ராம் செருகும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு. மின்சாரம் கொடுக்கும் பாகமான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து துரு உதிர்ந்து மதர்போர்டு மேல் செம்மண் தூவினது போலக் கிடந்தது. "தொடச்சா சரியாயிடும்ல தம்பி?" என்றார். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் பார்த்தேன். அரை நாள் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. கடலுக்குப் போய்ச் சேர்த்த காசு அது.

சமையலறையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் காற்றில் வந்து போர்டில் படிந்த உப்பும் அப்படித்தான் கசியும். அதில் மின்சாரமும் ஓடினால் செம்புத் தடத்தை அரித்துவிடும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே இந்தக் காற்று அரித்தது. 2025-ல் புதுப் பாலம் வந்துவிட்டது. மதர்போர்டு எம்மாத்திரம்?

அதனால் விலையைக் கேட்கும் முன், அது எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். மதுரைப் பக்கம் ஆபீஸில் கிடந்தது என்றால், கடலோர வீட்டில் இருந்ததைவிட நான்கு வருடம் பழையதானாலும் நான் அதைத்தான் எடுப்பேன். டார்ச் அடித்து ஸ்க்ரூ தலைகளையும் யுஎஸ்பி வாய்களையும் பாருங்கள். அங்கே துரு இருந்தால் உள்ளேயும் இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல் ப்ராசஸரில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்குக் காசு போதாதா, பழையதில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், பாடம் படிக்க அது போதும். மிச்சக் காசில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி மாட்டுங்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்ஸை நம்பாதீர்கள், அது கண நேர உச்சக் கணக்கு; தொடர்ந்து தரும் சக்தியான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பழைய ஸ்பீக்கரானால் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். பொடிந்தால் வேண்டாம்.

கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் சில வீடுகளில் ஸ்பீக்கர் உறுமும். உறுமலை நிறுத்த பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத சிபியுவின் தகரப் பெட்டியில் சுருக்கென்று அடிப்பது சும்மா இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். உறுமினால் இரண்டையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள்.

அந்த அண்ணனுக்கு வேறொரு சிபியு தேடிக்கொடுத்து, மாட்ட வீட்டுக்குப் போனேன். தென்னை ஓரம் எர்த் கம்பியைத் தொட்டதும் கையோடு ஒடிந்து வந்தது. உப்பு மண் தின்றிருந்தது. சிபியுவைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டோம். புது எர்த் அடித்த மறுநாள்தான் ஸ்விட்சைப் போட்டோம்.